கியர் சைக்கிளில் பெரிய சக்கரம் மாட்டலாமா? டயர் ஓரத்தில் இருக்கும் இந்த நம்பரை முதலில் பாருங்க!

வீட்டில் பழைய 26 இன்ச் மவுண்டன் பைக் நல்லாவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கடைக்குப் போனால் 27.5, 29 இன்ச் சைக்கிள்கள்தான் கண்ணில் படுகின்றன. 'சைக்கிளை ஏன் மாத்தணும், சக்கரத்தை மட்டும் மாத்திட்டா போதாதா?' என்ற கேள்வி பலருக்கும் வரும். சில சைக்கிள்களில் இது நடக்கும். பலவற்றில் நடக்காது. இதில் சிக்கல் என்னவென்றால், பொருந்தாத சக்கரம் கூட சில நேரம் பொருந்திவிட்டதைப் போலவே தெரியும்.

இன்ச் கணக்கை நம்பலாமா?

நம்பக் கூடாது. 26, 29 என்பதெல்லாம் டயரோடு சேர்த்து சக்கரத்தின் தோராயமான உயரம், அவ்வளவுதான். டயரின் உள் விளிம்பு ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. அது மில்லிமீட்டரில் இருக்கும். மவுண்டன் பைக்கில் 26 இன்ச் என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622.

இந்த எண் டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். உதாரணமாக 54-559 என்று இருந்தால், டயரின் அகலம் 54 மி.மீ., ரிம் அளவு 559 மி.மீ. என்று அர்த்தம்.

இதைப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும்? நம்மூர் சாதாரண சைக்கிள்களில் வரும் 26 × 1 3/8 டயரும் '26 இன்ச்'தான். ஆனால் அதன் ரிம் அளவு 590. மவுண்டன் பைக்கின் 26 × 1.95 டயருக்கு 559. பெயர் ஒன்று, வித்தியாசம் 31 மி.மீ. ஒன்றை இன்னொன்றில் மாட்டவே முடியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய பெரிய சைக்கிள்களின் 28 × 1½ டயருக்கு ரிம் அளவு 635. அதாவது, 28 இன்ச் ரிம் 29 இன்ச் ரிம்மை விடப் பெரியது!

பிரேக் என்ன வகை?

சக்கரத்தையே மாற்றுவதாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது பிரேக். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் வி-பிரேக் என்றால், பிரேக் கட்டை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஃப்ரேமே தீர்மானித்துவிட்டது. சில மி.மீ. மேலே கீழே நகர்த்தலாம். ஆனால் 26-லிருந்து 27.5-க்குப் போனாலே ரிம் 12.5 மி.மீ. தள்ளிப் போய்விடும். 29 என்றால் 31.5 மி.மீ. பெரிய ரிம் மாட்டினால் கட்டை கம்பிகள் பக்கம் இறங்கும். சிறிய ரிம் மாட்டினால் டயரை உரசிக் கிழிக்கும். இரண்டுமே விபத்துக்கு வழி.

டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் ஹப்பில் இருப்பதால் ரிம் எந்த அளவு என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் சக்கர அளவை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்க் சைக்கிள்காரர்களாக இருக்கிறார்கள்.

உண்மையான ஆபத்து எங்கே?

முன் ஃபோர்க்கில். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சைக்கிளை நிறுத்தி வைத்துப் பார்த்தால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். சக்கரமும் உரசாமல் சுற்றும். ஆனால் சஸ்பென்ஷன் ஃபோர்க் பள்ளத்தில் இறங்கும்போது முழுசாக அமுங்கும். அப்போது ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் மேல் பகுதியில் டயர் போய் இடித்தால், முன்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் விழுவார்.

எனவே நின்ற நிலையில் பார்த்தது போதாது. ஏர் ஃபோர்க் என்றால் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, கடைசி வரை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் ஃபோர்க் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. முழுசாக அமுங்கிய நிலையிலும் சுற்றிலும் 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பின்பக்கம் ஃப்ரேம் கம்பிகளுக்கு நடுவிலும் அதே இடைவெளி தேவை. சக்கரம் லேசாகக் கோணினாலோ, மழைக்காலத்தில் சேறு ஒட்டினாலோ அந்த 6 மி.மீ.தான் காப்பாற்றும்.

ஹப் அகலமும் ஒத்துப்போக வேண்டும். பின் ஹப் பழைய சைக்கிள்களில் 135, புதியவற்றில் 142 அல்லது 148 மி.மீ. இது தெரியாமல் ஆன்லைனில் சக்கரம் வாங்கினால் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சின்ன சக்கரம் மாட்டினால்?

29 இன்ச் சைக்கிளில் 27.5 மாட்டினால் இடம் இருக்கும். ஆனால் சைக்கிள் கிட்டத்தட்ட 19 மி.மீ. தாழ்ந்து, பெடல் கல்லில் இடிக்க ஆரம்பிக்கும். 2.8 இன்ச் அகலமுள்ள குண்டு டயர் போட்டால் இழந்த உயரம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். அதற்கு ஃப்ரேமில் அகலம் வேண்டும்.

முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து ஓட்டுவதும் உண்டு. இதற்கு 'முல்லெட்' என்று பெயர். சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யு.சி.ஐ., மவுண்டன் பைக் பந்தயங்களில் இதை 2019-ல் அனுமதித்தது. ஆனால் அந்த வீரர்கள் ஓட்டுவது அதற்கென்றே அமைக்கப்பட்ட சைக்கிள்கள்.

அப்போ, செலவில்லாமல் என்ன செய்யலாம்?

தினமும் தார் ரோட்டில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், சக்கரத்தைத் தொடவே வேண்டாம். அதே 559 ரிம்மில், முள் முள்ளாக இருக்கும் 2.1 இன்ச் டயரைக் கழற்றிவிட்டு வழவழப்பான 1.5 இன்ச் டயர் போடலாம். மிதிப்பது லேசாகும், இரைச்சல் குறையும். ரிம் ரொம்ப அகலமாக இருந்தால் மட்டும் மெல்லிய டயர் ஒத்துவராது. டியூபையும் அந்த அகலத்துக்கு ஏற்றதாக வாங்க வேண்டும். காற்று எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் ஓரத்திலேயே போட்டிருக்கும்.

எல்லாம் பொருந்தி 26-லிருந்து 29-க்கே மாறிவிட்டால் கடைசியாக ஒரு விஷயம். ஒரே அகல டயரில் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 9 சதவீதம் கூடும். எல்லா கியரும் அந்த அளவுக்குக் கனமாகும், மேட்டில் அது தெரியும். காந்தம் வைத்து வேகம் காட்டும் மீட்டர் இருந்தால் அதில் புதிய சுற்றளவைப் போட மறக்காதீங்க. இல்லாவிட்டால் 22 கி.மீ. வேகத்தில் போகும்போதும் அது 20 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.