மருந்துக் கிண்ணம் நீட்டும் கை

மனோவியாதிக்குச் சிகிச்சை என்றதும் வைத்தியர் எழுதித் தரும் சீட்டே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் வைத்தியர் நோயாளியோடு இருப்பது சில நிமிஷங்கள்தாம். உண்டாரா, உறங்கினாரா, சுவரைப் பார்த்துத் தனியே சிரித்தாரா என்பதையெல்லாம் இரவும் பகலும் உடனிருந்து கண்டு குறித்துவைப்பவர், வார்டில் எல்லோரும் சிஸ்டர் என்று அழைக்கும் செவிலியரே.

மாத்திரை உள்ளே போயிற்றா?

கிண்ணத்தை நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுபவரைக் காட்டிலும், ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்து, குடித்தபின் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுத்து, மாத்திரை கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கிறதா என்று அந்தப் பேச்சிலேயே அறிந்துகொள்பவர்தாம் தொழில் தெரிந்தவர். ஒதுக்கி வைத்தவரை அதட்டிப் பயனில்லை. ஏன் வேண்டாம் என்று நிதானமாகக் கேட்டால், எச்சில் ஒழுகுகிறது, உடம்பு பெருத்துவிட்டது, பகலெல்லாம் தூக்கம் தள்ளுகிறது என்று நியாயமான காரணம் ஒன்று வெளிவரும். அது வைத்தியர் காதுக்குப் போகவேண்டிய செய்தி.

மனநிலை ஏற்ற இறக்க நோய்க்காக லித்தியம் என்ற மருந்தை உண்பவர் விஷயத்தில் ஜாக்கிரதை இன்னும் அதிகம் வேண்டும். குணம் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியதாகையால், கோடையில் வியர்த்து நீர் வற்றினாலும், பேதி கண்டாலும், யாரோ சொன்னார்கள் என்று உப்பை அறவே நிறுத்தினாலும், அந்த மருந்து ரத்தத்தில் தேங்கிவிடும். கை நடுக்கம் மிகுந்து, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கழுத்துத் திருகிக்கொள்ளும்போது

மனப்பிறழ்வுக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் தொடங்கிய முதல் சில நாட்களில், சிலருக்கு, முக்கியமாக வாலிபர்களுக்கு, திடீரென்று கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, கண்விழி மேலே செருகி, தாடை இறுகிப் பேச்சு நின்றுவிடுவதுண்டு. பார்க்கும் தாய்க்கு இது பேய் பிடித்ததாகவே தோன்றும். வேப்பிலை தேடி ஓடுபவளை நான் குறைசொல்ல மாட்டேன், அந்தக் காட்சி அப்படிப்பட்டது. ஆனால் இது மருந்தின் பக்க விளைவு. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசி போட்டால் சில நிமிஷங்களிலேயே கழுத்து நேராகிவிடும். மருந்து தொடங்கும் அன்றே இதை வீட்டாருக்குச் சொல்லிவைக்கும் செவிலியர், நோயாளி சிகிச்சையைப் பாதியில் கைவிடாமல் காப்பாற்றுகிறார்.

குரல் கேட்கிறவரோடு

காதில் யாரோ திட்டுவதாகச் சொல்பவரிடம், அப்படி ஒன்றும் இல்லை என்று வாதாடுவதும் தவறு; சமாதானத்துக்காக, ஆமாம் எனக்கும் கேட்கிறது என்பதும் தவறு. "ஐயா, என் காதுக்கு அது கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன். பயமாக இருக்கிறதா?" என்பதுதான் பேச்சு. ஏதேனும் செய்யச் சொல்லி அந்தக் குரல் ஏவுகிறதா என்பதையும் தவறாமல் கேட்டறிய வேண்டும். ஏவல் குரல் அபாயக் குறி.

தெளிந்துவரும் நாட்கள்

மனச்சோர்வில் ஆழ்ந்து படுக்கையை விட்டு எழாதிருந்தவர், சிகிச்சையால் சற்றே எழுந்து நடமாடத் தொடங்கும்போது வீட்டார் நிம்மதியடைகிறார்கள். அனுபவமுள்ள செவிலியரோ அப்போதுதான் கண்காணிப்பை இரட்டிப்பாக்குகிறார். துயரம் தீருவதற்கு முன்பே உடம்பில் தெம்பு திரும்பிவிடுவதால், சாக எண்ணியவர்க்கு அதை நிறைவேற்றும் சக்தியும் வந்துவிடக்கூடும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதனால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது.

சங்கிலி

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் சிக்கியவர்கள் உட்பட 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் கூடாது என்று தடுத்திருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதன்றி உடலைக் கட்டுப்படுத்தவும் அது அனுமதிப்பதில்லை. தண்டனையாகக் கட்டிவைப்பது குற்றம்.

வீட்டில் மனோவியாதியுள்ள ஒருவரைப் பார்த்துக்கொண்டு யாரிடம் கேட்பதென்று திகைப்பவர்கள், அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாக அழைக்கலாம்.