இரண்டு மர்ம நாவல்களுக்கு இடையில்

மர்ம நாவல் எழுதுபவர் என்று என்னை யாராவது அறிமுகப்படுத்தினால், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்பார். ‘அடுத்த புத்தகம் எப்ப வருது?’ என்பது ஒன்று. ‘இப்ப என்ன செய்யிறீங்கள்?’ என்பது மற்றது. புத்தகம் வராத காலத்தில் எழுத்தாளருக்கு வேலை இல்லை என்ற எண்ணம் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

ஒரு நாவலை எழுதி முடிக்க எனக்கு ஆறேழு மாதங்கள் போதும். ஆனால் அதற்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு, சிலவேளை மூன்று வருடங்கள் போய்விடும். ஆகவே என் எழுத்து வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த இடைவெளியில்தான் கழிகிறது. அப்போது என்ன நடக்கிறது என்பதையும், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்வது எப்படி என்பதையும் இங்கே விளக்க முயல்கிறேன். இந்த வேலையில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். இதை எழுதுவதற்கு முக்கிய காரணம் அதுதான்.

சீவியம் எப்படிப் போகிறது

கடைசி நாவலை என் செலவில் 500 பிரதிகள் அச்சிட்டேன். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியும் சிறப்புப் பிரதிகளும் வாங்கியவர்கள் தந்த பணம் அச்சகக் கடனில் பாதியை அடைத்தது. கடைகளில் போட்டவை மெல்ல மெல்ல விற்றன. மிச்சம் இன்னும் கட்டிலுக்குக் கீழே பெட்டிகளில் இருக்கிறது. இங்கே புத்தகம் போடும் எவருக்கும் இது புதிய கதை அல்ல.

ஆகவே இடைக்காலத்தில் காலையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். பாடசாலைப் பரிசளிப்பு விழா மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் வரும். அதிகம் வருவது கல்வெட்டு. அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவு மலரைத்தான் சொல்கிறேன். இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுப்பேன். திதி வெண்பாவும் செய்து கொடுப்பேன். ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் நான்கு அடிக்குள் வரவேண்டும், தளையும் தட்டக்கூடாது.

கல்வெட்டில் குடும்ப விபரம் போடும்போது இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்ப்பது வழக்கம். ஒருமுறை ஓர் அம்மா, தன் கணவரின் கல்வெட்டுக்குப் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தார். மூன்றாவது பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. ‘இவர் எங்கே இருக்கிறார்?’ என்று கேட்டேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கனடா, கொக்குவில் என்று எழுதியிருந்தது. ‘2009இல வட்டுவாகலிலை கையிலை பிடிச்சுக் குடுத்தனான் தம்பி. காலஞ்சென்ற எண்டு போட்டுடாதேங்கோ’ என்றார். பெயரை மட்டும் போட்டோம். பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டோம்.

பின்பக்கத்திலிருந்து தொடங்கும் வேலை

மர்ம நாவலை வாசகர் முன்னிருந்து பின்னாக வாசிக்கிறார். எழுதுபவர் பின்னிருந்து முன்னாக அமைக்கிறார். யார் செய்தார், ஏன் செய்தார், எப்படிச் செய்தார் என்பது முதலில் முடிவாகவேண்டும். பிறகு அந்த நாளை மணிவாரியாக எழுதுகிறேன். ஒவ்வொரு பாத்திரமும் எத்தனை மணிக்கு எங்கே நின்றது, அதை யார் கண்டார், யார் கேள்விப்பட்டார் என்று ஓர் அட்டவணை. கண்டதற்கு ஒரு நிரல், கேட்டதற்கு வேறு நிரல். இரண்டையும் கலந்துவிட்டால் நாவல் குழம்பிவிடும்.

நுணுக்கங்களைச் சரிபார்ப்பதும் இந்தக் காலத்து வேலைதான். கதை நடக்கும் இரவில் நிலவு இருந்ததா என்று பஞ்சாங்கம் பார்ப்பேன். கடைசி இ.போ.ச. பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் நிலையத்தில் போய்க் கேட்பேன். பொய் சொல்லும் பாத்திரம் இந்த இரண்டில் ஒன்றில்தான் பிடிபடும்.

அகதா கிறிஸ்டி முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் டோர்க்கி நகர வைத்தியசாலையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை செய்தவர். நஞ்சுகள் பற்றிய அறிவை அவர் அங்கேதான் பெற்றார். 1920இல் வந்த அவரது முதல் நாவலே நஞ்சூட்டல் பற்றியது. 1961இல் வந்த ‘த பேல் ஹோர்ஸ்’ நாவலில் தாலியம் என்ற நஞ்சின் அறிகுறிகளை எழுதினார். 1977இல் கட்டாரிலிருந்து இலண்டன் வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு என்ன நோய் என்று வைத்தியர்கள் திணறியபோது, அந்த நாவலை வாசித்துக்கொண்டிருந்த தாதி ஒருவர் தலைமயிர் உதிர்வதைக் கவனித்து, தாலியமாக இருக்கலாம் என்றார். சோதித்தபோது அதுவே சரியாக இருந்தது. குழந்தை பிழைத்தது. பொழுதுபோக்குக்கு எழுதினாலும் விபரம் சரியாக இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதேவேளை எல்லா விபரத்தையும் எழுதுவதில்லை. எங்கள் ஊர் வேலியோரத்தில் வளரும் நச்சுச் செடிகள், வயலுக்கு அடிக்கும் மருந்துகள் பற்றி எனக்குத் தெரியும். போருக்குப் பின் இந்த மண்ணில் எத்தனை பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்தார்கள் என்பதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே அவற்றின் பெயரோ அளவோ என் கதைகளில் இராது.

ஒரு மரணம் எப்படிப் பதிவாகிறது

மர்ம நாவலின் முதல் அத்தியாயத்தில் பெரும்பாலும் ஓர் உடல் கிடைக்கும். அதன் பின் என்ன நடக்கவேண்டும் என்று தெரியாமல் எழுதமுடியாது. அதற்காகச் சட்டம் வாசித்தேன், நீதிமன்றத்தில் பார்வையாளராகப் போய் இருந்தேன்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, ஒருவர் திடீரென்றோ, விபத்திலோ, காரணம் தெரியாமலோ இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். அவர் இடத்துக்குப் போய் உடலைப் பார்த்து, அயலவரிடமும் உறவினரிடமும் விசாரித்து, தேவையானால் பிரேத பரிசோதனைக்கு அனுப்புவார். சந்தேகம் இருந்தால் விடயம் நீதவானிடம் போகும். காவலில் இருந்தவர் இறந்தாலும் விசாரணை நடக்கவேண்டும். சாதாரணமான ஒழுங்கு. ‘இந்த மனிதர் எப்படி இறந்தார்?’ என்று அரசு ஒருமுறையாவது கேட்டாகவேண்டும் என்பதே அதன் பொருள்.

இந்த ஒழுங்கு எங்களுக்கு எப்போது இல்லாமல் போனது என்பதையும் அப்போதுதான் முழுமையாக விளங்கிக்கொண்டேன். 1983 ஜூன் மாதத்தில் வந்த அவசரகால விதி 15ஏ, பிரேத பரிசோதனையோ மரண விசாரணையோ இல்லாமல் உடல்களைப் புதைக்கவும் எரிக்கவும் பாதுகாப்புத் தரப்புக்கு வழிவிட்டது. கறுப்பு ஜூலைக்கு முந்திய மாதம் அது. முதல் அத்தியாயத்தையே சட்டம் கிழித்தெடுத்துவிட்டது.

பிற்காலச் சட்டங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர்க்காலத்தில் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. அதை வாங்கினால் பிள்ளை இறந்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பலர் மறுத்தார்கள். 2016இல் செய்த திருத்தத்தின் பின் இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் சான்றிதழ் பெறலாம். ‘எப்படி?’, ‘யார்?’ என்ற கேள்விகளுக்கு இரண்டிலும் இடமில்லை.

துப்பறிபவர் யார்?

மர்ம நாவலுக்கு உண்மையைக் கண்டுபிடிக்கும் ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டு நாவல்களில் வழக்கறிஞரும் பொலிஸ் அதிகாரியும் அந்த வேலையைச் செய்வார்கள். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எங்கள் வீடுகளிலும் பிரபலம்தான். ஆனால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நடக்கும் கதையில் ‘புலனாய்வாளர் கதவைத் தட்டினார்’ என்று எழுதிப் பாருங்கள். வாசகருக்கு நிம்மதி வராது. நினைவேந்தலுக்குப் போனாயா என்று விசாரிக்க வந்தவரின் முகம்தான் ஞாபகம் வரும்.

ஆகவே என் கதைகளில் உண்மையைத் தேடுபவர்கள் இளைப்பாறிய தபாலதிபர், குடும்பநல மாது, கூட்டுறவுச் சங்கக் கணக்காளர் போன்றவர்கள். ஊரில் யார் எப்போது எங்கே போனார் என்பது அவர்களுக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்பார்கள், எழுதி வைப்பார்கள். இப்படியானவர்களைக் கவனிப்பதும் இடைக்கால வேலைகளில் ஒன்று. சந்தையில், சங்கக் கடையில், செத்த வீட்டில் அவர்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் எழுதாதவை

‘எங்கட மண்ணிலை இல்லாத மர்மமா? செம்மணியை எழுதுங்கோவன்’ என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள்.

கிருஷாந்தி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட படைச் சிப்பாய் ஒருவர் 1998இல் நீதிமன்றத்தில் சொன்ன பிறகே செம்மணியின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. 1999இல் 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறுபிள்ளைகளுடையவையும் அவற்றில் உண்டு. அந்த ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி, அங்கே கிடைத்த உடைகளும் பொருட்களும் அடையாளம் காண்பதற்காக மக்களுக்குக் காட்டப்பட்டன.

இதை நான் நாவலாக்கமாட்டேன். மர்ம நாவல் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது: கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். விடை இன்னும் வராத ஒரு புதைகுழிக்கு நான் கற்பனையில் விடை எழுதினால், காத்திருக்கும் தாய்க்கு அது ஒரு பொய்யாகவே போய்ச்சேரும். அகழ்வும் ஆய்வும் நீதிமன்றத்தின் முன் முடியவேண்டியவை. கதாசிரியர் அதற்குள் போய் நிற்கக்கூடாது.

எழுதி வையுங்கள்

ஆனால் நாவலுக்காக நான் போடும் அட்டவணை வேறு வகையில் உதவும். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய உறவினர்களின் தொடர் போராட்டத்தில் இருந்த பெற்றோர் பலர் இப்போது உயிரோடு இல்லை. ஒவ்வொருவருடனும் ஒரு சாட்சியம் போய்விடுகிறது. மரபணு ஒப்பீட்டுக்குத் தேவையான நெருங்கிய இரத்த உறவும் போய்விடுகிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இளையவர்கள் ஒரு கொப்பியை எடுத்து இவற்றை எழுதலாம்.

முதலாவது, கடைசியாகக் கண்ட திகதி, நேரம், இடம். திகதி நினைவில்லாவிட்டால் கோயில் திருவிழா, பரீட்சை, இடம்பெயர்ந்த நாள் என்று ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தாங்கள் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். கேட்டதென்றால் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பதும் வேண்டும்.

மூன்றாவது, உடை, செருப்பு, பை, காப்பு, தாயத்து. உடுப்புத் தைத்தது யார், அதே துணியில் வேறு யாருக்காவது தைத்தீர்களா என்பதுகூட முக்கியம். அந்தத் துணி அல்லது அதை உடுத்த படம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

நான்காவது, உடல் விபரம். வயது, உயரம், உடைந்த அல்லது அடைத்த பல், முறிந்து பொருந்திய எலும்பு, சத்திரசிகிச்சை, பழைய காயம். எலும்புகளை ஆராய்பவர்கள் முதலில் தேடுபவை இவைதான்.

ஐந்தாவது, பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கப் பதிவு, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள் எல்லாவற்றினதும் திகதியும் இலக்கமும். பிரதி எடுத்து இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஒன்று வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் இருந்தால் நல்லது. யாராவது கேட்டால் மூலப் பிரதியைக் கொடுக்கவேண்டாம். கேட்பவர் யார் என்று உங்கள் சட்டத்தரணியிடமோ நம்பிக்கையானவர்களிடமோ விசாரித்துவிட்டுப் பிரதியைக் கொடுங்கள்.

சொல்பவர் களைத்தால் நிறுத்துங்கள். அழுதால் தேத்தண்ணி கொடுத்துவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள். ஒரே இருப்பில் முடிக்கவேண்டிய வேலை அல்ல. முரணாகச் சொன்னாலும் திருத்தவேண்டாம், இரண்டையும் திகதியிட்டு எழுதுங்கள்.

அச்சகத்துக்கு வரும் சில குடும்பங்களோடு இருந்து இப்படி எழுத உதவியிருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய நான்கு மாலைப்பொழுதுகள் தேவைப்படுகின்றன. அடுத்த நாவல் எப்போது என்று கேட்பவர்களுக்கு: அட்டவணை போட்டாயிற்று, மாரி முடியத் தொடங்குவேன். அதுவரை மாலைகளில் எனக்கு நேரம் இருக்கிறது.