பிரிப்பது எளிது; பூட்டுவதே வித்தை!

பழைய லாரி என்ஜினில் கை வைக்கும் புதியவர் அறிய வேண்டியவை

மதுரையிலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது திருமங்கலம். கன்னியாகுமரிக்குப் போகும் பெரிய சாலை இந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது. ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. இரவு பகல் என்று இல்லாமல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரே ஒரு லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. லாரி ஓடினால் அடுப்பு எரியும். லாரி நின்றால் கடன் ஏறும்.

லாரிக்கு வயதாகிவிட்டது. மேட்டில் ஏற மறுக்கிறது. புகை கக்குகிறது. டீசல் அதிகமாகக் குடிக்கிறது. புது லாரி வாங்கப் பணம் இல்லை. பட்டறையில் விட்டால் கூலி ஆகும். "வீட்டு வாசலிலேயே என்ஜினைப் பிரித்துப் புதுச் சாமான்கள் போட்டால் என்ன?" என்ற எண்ணம் வருகிறது.

புதிதாகப் பழகும் ஒருவரால் இது முடியுமா? முடியும். ஆனால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தொட்டால் பணம் போகும். சில சமயம் உயிரும் போகும்!

நாயுடு கற்ற பாடம்

என்ஜினைப் பிரித்துப் பார்த்தே பெரிய ஆளானவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் கோவை ஜி.டி.நாயுடு.

1893-ஆம் ஆண்டில் கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானாக ஓடுகிறதே! அதை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

கோவைக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தார். கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் ஊர் சுற்றப் போனாரா? இல்லை. வண்டியை அக்கு அக்காகக் கழற்றினார். பிறகு மறுபடியும் பூட்டினார். எந்தச் சாமான் எதற்கு என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டார்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ் பின்னாளில் பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1974-இல் அவர் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அவர் முதலில் பிரித்தது, பிழைப்புக்கு ஓடும் லாரியை அல்ல. ஒரு சின்ன மோட்டார் சைக்கிளை! புதியவர் மறக்கக்கூடாத பாடம் இது. சின்ன என்ஜினில் கை பழகட்டும். பெரிய என்ஜின் பிறகு வரட்டும்.

மதுரையில் ஓடிய கரி வண்டி

இன்னொரு பாடம் மதுரையிலேயே இருக்கிறது. 1911-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்தைப் பரப்பிய பெருமை அதற்கு உண்டு.

இரண்டாவது உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. வண்டிகள் நிற்க வேண்டிய நிலை. அப்போது அந்த நிறுவனம் "டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்" என்ற சாதனத்தைச் செய்தது. வண்டியோடு ஓர் உலையைப் பொருத்தி, அதில் மரக்கரியைப் போட்டு எரிப்பார்கள். காற்றை அளவாக விட்டால் கரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி, என்ஜினுக்குள் விடுவார்கள். பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும்!

ஆனால், இந்த மாற்றத்துக்கு விலை உண்டு. இப்படி ஓடும் என்ஜினில் பலம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். வடிகட்டி சரியில்லை என்றால் சாம்பல் புகுந்து சிலிண்டரைத் தேய்க்கும். அந்த வாயு கசிந்தால் மனிதருக்கு விஷம்.

இதிலிருந்து தெரிவது என்ன? என்ஜினில் ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும். தனியாக ஒரு சாமானை மட்டும் மாற்றினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

என்ஜின் எப்படி ஓடுகிறது?

லாரியின் டீசல் என்ஜினில் "சிலிண்டர்" என்ற குழல்கள் உண்டு. ஒவ்வொரு குழலிலும் "பிஸ்டன்" மேலும் கீழும் போய் வரும். சைக்கிள் பம்ப்பில் கைப்பிடியை அழுத்தினால் குழல் சூடாகிறது அல்லவா? அதே சங்கதிதான். பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. 16, 17 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்தில் அடைபடுகிறது. அதன் சூடு 500 டிகிரிக்கு மேல் போகிறது. அந்த நேரத்தில் டீசலைப் பீய்ச்சினால், நெருப்பு வைக்காமலே அது பற்றிக்கொள்ளும். பிஸ்டன் வேகமாகக் கீழே தள்ளப்படும். சக்கரம் உருளும்.

பிஸ்டனைச் சுற்றி "ரிங்" என்ற வளையங்கள் இருக்கின்றன. காற்று கீழே நழுவாமல் காப்பவை இவைதான். ரிங் தேய்ந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பலம் குறையும். பழைய லாரி மேட்டில் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, "பலத்தைக் கூட்டுவது எப்படி?" என்பது முதல் கேள்வி அல்ல. "இருந்த பலம் எங்கே போயிற்று?" என்பதே முதல் கேள்வி!

புகை சொல்லும் சேதி

டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பது போல, மெக்கானிக் புகையைப் பார்க்கிறார்.

கறுப்புப் புகை வந்தால், டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். டீசல் பீய்ச்சும் நாஸில் கெட்டிருக்கலாம்.

நீலப் புகை வந்தால், என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங்கோ, சிலிண்டரோ, வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை வந்தால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது. குளிர்ந்த காலை நேரத்தில் சற்று வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கவனிக்க வேண்டும்.

அடைத்துக்கொண்ட ஒரு காற்று வடிகட்டிக்காக முழு என்ஜினையும் பிரிக்கலாமா? அது தலைவலிக்குத் தலையை வெட்டுவது போல ஆகும்!

வீட்டில் எது? பட்டறையில் எது?

காற்று வடிகட்டி, டீசல் வடிகட்டி, ஆயில், பெல்ட், ரேடியேட்டர் ரப்பர் குழாய் ஆகியவற்றை வீட்டில் மாற்றலாம். வால்வு இடைவெளியைச் சரிபார்க்கவும் கற்றுக்கொள்ளலாம். இவற்றைச் சரி செய்தாலே பல லாரிகள் பழைய சுறுசுறுப்பைப் பெறும்.

சிலிண்டரைக் குடைவது, கிராங்க்கைத் தீட்டுவது, டீசல் பம்ப்பையும் நாஸிலையும் சோதிப்பது ஆகியவை வீட்டு வேலை அல்ல. இவற்றுக்கு லேத்துப் பட்டறையும் தனி இயந்திரங்களும் வேண்டும். இங்கே தலைமுடியின் கனத்துக்குக் கூடத் தவறக்கூடாது.

அனுபவம் உள்ள மெக்கானிக் பக்கத்தில் இருந்தால், புதியவரும் என்ஜினைப் பிரிக்கலாம். அப்போது மறக்கக்கூடாதவை இவை:

கழற்றும் ஒவ்வொரு சாமானுக்கும் அடையாளம் இட வேண்டும். ஒரு பேரிங் மூடி எந்தக் கம்பியோடு இருந்ததோ அதோடுதான் சேர வேண்டும். இடம் மாறினால் என்ஜின் இறுகிவிடும். நட்டுகளையும் போல்ட்டுகளையும் தனித் தனி டப்பாக்களில் போட்டு வைக்கலாம். கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பழைய கேஸ்கெட்டை மறுபடியும் போடக்கூடாது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும். கைத்திட்டம் உதவாது. முறுக்கை அளந்து காட்டும் "டார்க் ரென்ச்" வேண்டும்.

மணலும் தூசியும் என்ஜினுக்கு எமன். வாசலில் காற்று அடிக்கும்போது திறந்த என்ஜினை அப்படியே விடக்கூடாது. சுத்தமான துணியால் மூட வேண்டும்.

"டர்போ" ஆசை

சிலருக்கு இவ்வளவும் போதாது. பழைய என்ஜினில் "டர்போ" வைத்துப் பலத்தைக் கூட்ட ஆசைப்படுவார்கள்.

டர்போ என்றால் என்ன? புகைக்குழாயில் வீணாகப் போகும் புகையின் வேகத்தால் ஒரு விசிறியைச் சுற்றி, அதைக் கொண்டு என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கும் கருவி. சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆல்பிரட் பூச்சி என்ற என்ஜினீயர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நல்ல கருவிதான். சந்தேகம் இல்லை.

ஆனால், அதிகக் காற்றும் அதிக டீசலும் சேர்ந்தால் அதிகச் சூடு பிறக்கும். டர்போவுக்கென்று செய்த என்ஜினில் பிஸ்டனும், ஆயில் ஓட்டமும், குளிர வைக்கும் ஏற்பாடும் அதற்குத் தக்கபடி இருக்கும். பழைய என்ஜினில் அவை இருக்காது. பிஸ்டன் உருகலாம். கேஸ்கெட் வெடிக்கலாம். வேகம் கூடிய லாரிக்குப் பழைய பிரேக் போதாமல் போகலாம். மிச்சப்படுத்த நினைத்த பணத்தைப் போல இரு மடங்கு செலவாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைத் தன் இஷ்டப்படி மாற்றக்கூடாது என்கிறது. தேய்ந்த சாமானுக்குப் பதில் அதே அளவுள்ள புதுச் சாமான் போடுவது பழுது பார்ப்பது ஆகும். என்ஜினையே மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பதிவுப் புத்தகத்திலும் அதைக் குறிக்க வேண்டும்.

அனுமதி இல்லாமல் மாற்றிய லாரி விபத்தில் சிக்கினால், இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதில் தகராறு வரலாம். 8 ஆண்டு கடந்த லாரிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உயிர் பெரிது

ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் படுக்கக் கூடாது. கனமான மரக்கட்டைகளையோ, இரும்புத் தாங்கிகளையோ முட்டுக் கொடுக்க வேண்டும்.

நாஸிலிலிருந்து பீய்ச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டக் கூடாது. அது ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரியும். கையையே எடுக்கும்படி ஆகிவிடும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட விடக்கூடாது. புகையில் நிறமும் மணமும் இல்லாத விஷ வாயு உண்டு. வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளை விளையாட விடவும் கூடாது.

பழைய லாரியைப் பழசு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. தேய்ந்ததை அறிந்து, அளந்து, சரியான சாமானைச் சரியான இடத்தில் பூட்டினால் அது இன்னும் பல காலம் உழைக்கும். ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இதைத் திரும்பப் பூட்ட எனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் கழற்றலாம். தெரியாது என்றால், தெரிந்தவரைக் கூப்பிடலாம். அதில் வெட்கம் ஏதும் இல்லை. அந்த லாரியை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது!