வீட்டுக்கு வீடு ஒரு நதி!

"கங்கா! யமுனாவைக் கூப்பிடு. காவேரிக்குத் தலை பின்ன வேண்டும்!" என்று ஒரு தாயார் குரல் கொடுத்தால் போதும், பாரத தேசத்து நதிகளில் மூன்று அந்தக் கூடத்துக்கு வந்துவிடும். நதியின் பெயரைப் பெண்ணுக்குச் சூட்டுவது நமக்கு அவ்வளவு பழகிப் போன வழக்கம்.

ஆனால் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். நதியின் பெயர் கொண்ட பெண்ணை மணக்காதே என்கிறது மனு ஸ்மிருதியின் மூன்றாவது அத்தியாயம்! நட்சத்திரம், மரம், மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயர்களும் அந்த விலக்கில் அடக்கம். நம் பாட்டிமார் இதைக் காதில் போட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை. பெயரும் வைத்தார்கள், ஊரைக் கூட்டிக் கல்யாணமும் செய்து வைத்தார்கள்!

பெயர்களின் பொருளைப் பார்ப்போமா? கங்கை என்றால் ஓடிக் கொண்டே இருப்பவள். பகீரதன் தவமிருந்து கொண்டு வந்ததால் அவள் பாகீரதி. ஜஹ்னு முனிவர் அவளைக் குடித்துவிட்டுக் காது வழியே வெளியே விட்டாராம், ஆகவே ஜாஹ்னவி. யமுனை சூரியனின் மகள். யமனுடன் இரட்டையாகப் பிறந்தவள். களிந்த மலையில் தோன்றியதால் அவளே காளிந்தி. நர்மதா என்றால் இன்பம் தருபவள். அவள் துள்ளிக் குதித்து ஓடும் அழகைச் சொல்வது ரேவா என்ற பெயர்.

நம் காவேரி, கவேர முனிவரின் மகள் என்பது புராணம். சோலைகளை விரித்துச் செல்வதால் காவிரி என்பது தமிழ் விளக்கம். பொன்னி என்பது நாம் இட்ட செல்லப் பெயர். அவள் பிறந்த குடகு நாட்டிலோ ஆண்பிள்ளைகளுக்கும் அவள் பெயர் உண்டு: காவேரியப்பா!

கடைசியாக ஸரஸ்வதி. நீர்நிலைகள் நிறைந்தவள் என்று பொருள். ரிக் வேதம் மாநதி என்று போற்றிய அவள், மணலில் மறைந்துபோன செய்தி மகாபாரதத்திலேயே வந்துவிடுகிறது. மறைந்த இடத்துக்கு விநசனம் என்றே பெயர். நதி போயிற்று, 'சரசு' மட்டும் நம் வீடுகளில் மிஞ்சினாள்.

ஆகவே, பேத்திக்குக் காவேரி என்றோ வைகை என்றோ ஆசையாகப் பெயர் வையுங்கள். கூடவே, அந்த ஆற்றில் சாக்கடை கலக்காமலும், அதன் மணல் கொள்ளை போகாமலும் பார்த்துக் கொள்ளுங்கள். "என் பெயர் கொண்ட ஆறு எங்கே, பாட்டி?" என்று அவள் கேட்கும்போது, கைகாட்டத் தண்ணீருள்ள ஓர் ஆறு இருக்க வேண்டாமா?