முதலில் கூரை, பிறகு கோலம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர், ஒண்டிக்கடைச் சந்திப்பில் சற்று நின்று இளைப்பாறிச் சேர்வராயன் குகைக்கோயிலுக்குப் புறப்படுவர். மலையின் குளுமையில் மனம் தோய்ந்து, இங்கேயே ஒரு பழைய ஓட்டுவீட்டை வாங்கிக் குடியேற விழைவோரும் உண்டு. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து முதன்முதலாகச் சொந்த வீடு பெறுவோர்க்கு, உடனே வண்ணம் பூசிக் கிருகப் பிரவேசம் நடத்த வேண்டுமென்ற ஆவல் எழுவது இயல்பே.

இங்கே நம் ஆலயத் திருப்பணி முறை நல்வழி காட்டுகிறது. குடமுழுக்குக்கு முன் பாலாலயம் செய்து, விமானத்தில் வேரூன்றிய செடிகளைக் களைந்து, விரிசல்களை அடைத்து, நீர் இறங்கும் வழிகளைச் சீராக்குவர். வண்ணம் தீட்டுவது கடைசி வேலை. வீட்டுக்கும் இதே வரிசைதான் பொருந்தும்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இம்மலையில் இரு பருவமழைகளும் பெய்கின்றன; மூடுபனியும் அடிக்கடி சூழும். ஆகவே ஓடுகளையும் கைமரங்களையும் முதலில் சோதிக்க வேண்டும். அடுத்து, சரிவில் வழிந்துவரும் மழைநீர் அடித்தளத்தைத் தொடாமல் வடிகாலில் சேர வேண்டும். தாங்குசுவரில் உள்ள நீர்வடி துளைகள் அடைபட்டால், பின்புறம் தேங்கும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும்.

பழைய கற்சுவர்களில் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். சில மாதங்களில் வண்ணம் உரிந்து உதிரும். ஈரத்தின் மூலத்தை நீக்கி, சுவரை உலரவிட்டு, பிறகே பூச வேண்டும்.

மின்கம்பிகளை உரிமம் பெற்றவர் சோதிக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவி உயிர் காக்கும். பூஜை மாடத்தில் தீபச் சுடருக்கு மேலே கம்பியோ மரப்பலகையோ வேண்டாம். விளக்கின் அடியில் கல் பலகையும், புகை வெளியேறச் சிறு சாளரமும் இருக்கட்டும்.

வாஸ்து கருதிச் சுவரை இடிக்க விரும்புவோர், அது கூரையின் பாரத்தைத் தாங்கும் சுவரா என்று பொறியாளரிடம் முதலில் கேட்க வேண்டும். தெய்வம் குடியிருக்கும் வீட்டில் குழந்தைகளும் உறங்குகிறார்கள் அல்லவா? மலைப்பகுதியில் மண்ணை வெட்டுவதற்கும் கட்டடத்தை விரிவாக்குவதற்கும் முன் அனுமதியும் அவசியம்.

செலவுக் கணக்கில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாயாவது கூடுதலாக ஒதுக்குவது விவேகம். பழைய சுவரைத் திறந்தபின்தான் அதன் குறைகள் தெரியவரும். பழைய வருமான வரி முறையில், தாமே குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. ஆனால் பழுதுபார்ப்பதற்கென வாங்கிய கடனாயின், அந்த வரம்புக்குள் 30,000 ரூபாய்க்கு மட்டுமே கிடைக்கும். இதை அறியாமல் வரிச் சலுகையை நம்பிப் பெரிய கடன் வாங்குவோர் பின்னர் இடர்ப்படுவர்.

ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பதில்லை. இவ்வாண்டு கூரையும் வடிகாலும், அடுத்த ஆண்டு தரையும் வண்ணமும் என வகுத்துக்கொள்ளலாம். ஒழுகாத கூரையின்கீழ் ஏற்றும் ஓர் அகல்விளக்கே அவ்வீட்டுக்கு முதல் மங்கலம்.