சருகுக்குள் ஒரு குழிவிரியன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காபி, ரப்பர் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும், ஒரு முழமே நீளமுள்ள பழுப்பு நிறப் பாம்பு இது. மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். கண்ணுக்கும் நாசிக்கும் இடையிலுள்ள குழியால் இரையின் உடற்சூட்டை அறியும். இரவில் தவளை, பல்லி தேடும். முட்டையிடாது, குட்டி போடும். குட்டிகள் புழுவைப்போல் வால்நுனியை ஆட்டி இரையை அருகில் இழுப்பது வேடிக்கைதான்.

சருகை வெறுங்கையால் அள்ளும்போதுதான் ஆபத்து. கடித்தால் பலருக்கு வலி, வீக்கத்தோடு போகும். சிலருக்கோ இரத்தம் உறையாது, சிறுநீரகமும் பழுதாகும். பார்ப்பவர் சுருட்டை விரியன் என்று எண்ணிவிடுவதுண்டு. சுருட்டை உள்ளிட்ட நால்வகைப் பாம்புகளுக்காக நம் நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்து இதற்குப் பலிப்பதில்லை. ஆயினும் ஆஸ்பத்திரிச் சிகிச்சை உயிரைக் காக்கும். கட்டுப் போடாமல், கீறாமல் உடனே செல்லவும். மூக்கின் வளைவைக் கண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லவும். பாம்பைப் பிடிக்கப் போக வேண்டாம்.