தாய்க்கப்பலும் சிறுகலங்களும்

விண்வெளிப் புனைகதைகளில் வரும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கோள்களில் இறங்குவதில்லை. இறங்க, மீட்க, போரிட அவை சிறுகலங்களைச் சுமந்து செல்கின்றன. திரைப்படங்கள் இதற்கு விமானந்தாங்கிக் கப்பலை முன்மாதிரியாகக் கொள்கின்றன. அது பொருத்தமில்லாத முன்மாதிரி. விமானத்தைத் தாங்கும் தூக்குவிசை வேகத்தால் கிடைப்பதால்தான் அதற்கு ஓடுதளம் வேண்டியிருக்கிறது. வெற்றிடத்திலோ, தாய்க்கப்பலின் வேகத்திலேயே அதே திசையில் செல்லும் சிறுகலம் அதன் அருகில் அசையாமல் நிற்கும். 1930களில் அமெரிக்கக் கடற்படையின் ஏக்ரன், மேகன் என்ற வான்கப்பல்கள் செய்ததே இதற்கு நெருக்கமானது. சிறு விமானம் வான்கப்பலின் வேகத்துக்கு இணையாகப் பறந்து, கீழே தொங்கவிட்ட சட்டத்தில் தன் கொக்கியை மாட்டும். பின்பு அதை உள்ளே தூக்கிக்கொள்வார்கள்.

உள்ளே நிறுத்துவதில் பெரிய சிக்கல் காற்று. 20 மீட்டர் நீளமும் அகலமும் 10 மீட்டர் உயரமும் கொண்ட கொட்டகையில், தரைமட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய 5 டன் காற்று இருக்கும். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அதை உறிஞ்சிச் சேமிக்க வேண்டும், அல்லது இழக்க வேண்டும். கதவு திறந்திருந்தும் காற்றைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் திரையைப் பல கதைகள் காட்டுகின்றன. கலம் புகும் அளவுக்குப் பெரிய வாசலில் அப்படிச் செய்ய இன்று நடைமுறை வழியில்லை. கொட்டகையை எப்போதும் வெற்றிடமாகவே விட்டு, கலத்தின் வாசலோடு ஒரு குறுகிய குழாய்வழியை மட்டும் பொருத்துவதே சிக்கனம்.

கொட்டகையே இல்லாமல், வெளிச்சுவரில் உள்ள வளையத்தில் கலத்தைப் பூட்டுவது இன்னும் எளிது. மெய்யான விண்கலங்கள் இப்படித்தான் இணைகின்றன. 1966 மார்ச் 16இல் ஜெமினி 8 கலம், ஆளில்லாத அஜீனா கலத்தோடு இணைந்தது முதல் வெற்றி. நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நெருங்கியதும் கொக்கிகள் பற்றும். அதிர்வுதாங்கிகள் மோதலை உள்வாங்கும். வளையங்கள் இறுகி, இருபுற அழுத்தமும் சமமான பிறகே கதவு திறக்கும். அப்பல்லோவில் ஒரு பக்கம் கூர்முனை, மறுபக்கம் கூம்புக்குழி. அப்படியானால் கூர்முனை உள்ள இரு கலங்கள் ஒன்றோடொன்று இணைய முடியாது. 1975இல் அப்பல்லோவும் சோயுசும் இணைந்தபோது இருபுறமும் ஒரே வடிவமான வளையம் பயன்பட்டது. அந்நியக் கப்பலை மீட்கும் கதை எழுதுபவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

செயற்கை ஈர்ப்புக்காகச் சுழலும் கப்பலில் கணக்கு மாறுகிறது. 100 மீட்டர் ஆரத்தில் பூமியின் ஈர்ப்புக்கு ஈடாகச் சுழன்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு 31 மீட்டர். அங்கே கொக்கியை விடுவித்தால் போதும், கலம் எரிபொருள் செலவின்றி அந்த வேகத்தில் விலகிச் செல்லும். ‘பாபிலோன் 5’ தொடரில் போர்க்கலங்கள் இப்படித்தான் வெளியேறுகின்றன. அந்தத் தொடரின் மிகச் சிறந்த பொறியியல் சிந்தனை அது. திரும்புவதற்கு விளிம்பு உதவாது, சுழலச்சின் முனையே ஏற்றது. 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் பயணக்கலம் நிலையத்தின் சுழற்சிக்கு ஏற்பத் தானும் சுழன்று, அச்சின் வழியே நுழைகிறது.

தாய்க்கப்பலின் எஞ்சின் எரியும்போது சிறுகலத்தை விடுவிக்கக் கூடாது. முடுக்கம் பெறாத கலம் பின்தங்கி, எஞ்சினின் அனல்வீச்சில் சிக்கக்கூடும். வாசல் அமையும் இடமும் முக்கியம். 1997 ஜூன் 25இல் புரோகிரஸ் சரக்குக் கலம் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில் மோதியதில் ஸ்பெக்ட்ர் பகுதியிலிருந்து காற்று கசிந்தது. அதன் கதவை அடைத்துத்தான் நிலையத்தைக் காப்பாற்றினார்கள். எனவே இணைப்பு வாசல்கள் குடியிருப்பிலிருந்து விலகி, தனியே மூடக்கூடிய பகுதியில் இருக்க வேண்டும்.